தினம் அரை மணி நேரம்

போன மாதம், நான் கடைசியாக வேலை செய்த ரப்பர் தோட்டத்திலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. டிஸ்பென்சரியின் பழைய புத்தகங்களை ஒழுங்குபடுத்திக்கொண்டிருப்பதாக, அங்கே புதிதாக வந்திருக்கும் மருத்துவ உதவியாளர் சொன்னார். இளம் பெண். பேச்சில் மரியாதை இருந்தது.

"சேர், ஒரு சந்தேகம். உங்க நோயாளர் புத்தகத்துல, ஒரு வருஷத்துல இருந்து எல்லாப் பக்கத்துலயும் பேருக்குப் பக்கத்துல அடிமட்டம் வச்சுக் கோடு போட்டு 'தூங்கிய நேரம், எழுந்த நேரம்'னு எழுதியிருக்கீங்க. அச்சடிச்ச புத்தகத்துல அப்படி ஒரு பத்தி இல்லையே. யாரு போடச் சொன்னது?"

யாரும் சொல்லவில்லை என்றேன். பிறகு ஏன் என்று கேட்டார். தொலைபேசியில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை, எழுதி அனுப்புகிறேன் என்று வைத்துவிட்டேன். எழுத உட்கார்ந்தால் அவருக்கு மட்டும் சொல்கிற விஷயமாகவும் தெரியவில்லை.

நான் மாவனல்லைக்காரன். இரண்டு வருடப் பயிற்சி, ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியில் ஆறு மாதம், அதன்பிறகு முப்பத்தொரு வருடம் கேகாலைப் பக்கத்துத் தோட்டங்களில். பயிற்சியில் படித்ததில் இன்றைக்கும் மனதில் நிற்பது, ஊசியைக் கொதிக்க வைக்கும் முறையும், எழுதுவதைப் பிறர் வாசிக்கும்படி எழுத வேண்டும் என்பதும்தான். நான் டொக்டர் இல்லை. ஆனாலும் தோட்டத்தில் எல்லோருக்கும் டொக்டரய்யா.

பிள்ளைகளின் படிப்புக்காக மனைவி மாவனல்லையிலேயே இருந்தார். மாதத்தில் இரண்டு வெள்ளிக்கிழமை நான் வீட்டுக்குப் போவேன். மற்ற நாட்களில் டிஸ்பென்சரிக்குப் பின்னால் இருந்த குவார்ட்டர்ஸில் தனியாக. வரிசை வீடுகளான லயத்தில் குடியிருந்த தொழிலாளர்களுக்கு நான் ஒட்டாதவன், தோட்டத்தை நடத்தும் தொரையின் பங்களாவுக்கு எட்டாதவன். நோயில்லாமல் என் வாசலுக்கு யாரும் வந்ததில்லை.

தோட்டத்தில் எல்லாவற்றுக்கும் ஒரு நேரம் உண்டு. பால்வெட்டுகிறவர்கள் விடிந்தும் விடியாமலும் மலைக்குப் போய்விட வேண்டும், வெயில் ஏறினால் மரத்தில் பால் ஓட்டம் குறைந்துவிடும். மூச்சிழுப்புக்காரர்கள் விடியப்போகும் நேரத்தில்தான் என் கதவைத் தட்டுவார்கள். குழந்தைகளுக்குப் பொழுது சாய்ந்த பிறகே காய்ச்சல் ஏறும். இதையெல்லாம் வருடக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

பழனியாண்டி ஸ்டோரில் வேலை செய்தவர். ரப்பர் பாலை உறைய வைத்துத் தகடாக்கும் தொழிற்சாலையைத்தான் அங்கே ஸ்டோர் என்பார்கள். பாலை உறைய வைக்க அசிட் ஊற்ற வேண்டும். ஒருநாள் காலை புதிய அசிட் கலனின் மூடியைத் திறக்கும்போது உள்ளேயிருந்து பீறிட்டு முகத்தில் அடித்துவிட்டது. அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். குழாயடியில் படுக்க வைத்து, இமையை விரலால் பிரித்துப் பிடித்து, நாற்பது நிமிடம் தண்ணீர் விட்டேன். பிறகு லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். அங்கே கிருமி பிடித்து, இரண்டு கண்ணையும் எடுத்துவிட வேண்டியதாயிற்று. அப்போது அவருக்கு முப்பத்தாறு வயது. மனைவி ராக்கம்மா பால்வெட்டுக்காரி. ஒரே மகள்.

திரும்பி வந்த பிறகு தொரை அவருக்கு ஸ்டோரிலேயே வேறு வேலை கொடுத்தார். மரத்தில் வெட்டிய இடத்தில் காய்ந்துபோய் ஒட்டியிருக்கும் பாலைச் சுரண்டிச் சாக்கில் கொண்டுவருவார்கள். ஒட்டுப்பால் என்று பெயர். அதில் கிடக்கும் மரப்பட்டைத் துணுக்குகளைப் பொறுக்கி எடுக்க வேண்டும். பழனியாண்டி விரல்நுனியால் தடவித் தடவி, கண்ணுள்ளவர்களைவிடச் சுத்தமாக எடுத்தார். ஒரு மாதம் ஒரு குறையும் இல்லை.

அப்புறம் சாக்கின் மேலேயே சாய்ந்து தூங்க ஆரம்பித்தார். முதலில் காலையில், பிறகு பகல் முழுவதும். என்னிடம் அனுப்பினார்கள்.

"ராத்திரியில தூங்குறதில்லையா?" என்று கேட்டேன்.

"வரமாட்டேங்குதுங்க. சும்மா படுத்துக் கெடக்கேன். சங்கு ஊதினப்பறம்தான் கண்ணைச் சொழட்டிக்கிட்டு வருது." கொஞ்சம் நிறுத்தினார். "கண்ணைன்னு சொல்றேன் பாருங்க."

தூக்க மாத்திரை கொடுத்தேன். இரண்டு மூன்று வாரத்தில் இரவில் ஒழுங்காகத் தூங்கி, பகலில் வேலை பார்த்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. அதே நாட்களில் ராக்கம்மா கோயிலுக்கு நேர்ந்திருந்தாள். பக்கத்துக் கிராமத்துச் சிங்களப் பெண்ணொருத்தி புத்த கோயிலான பன்சலையிலிருந்து நூல் கொண்டுவந்து அவர் கையில் கட்டியிருந்தாள். மூன்று பேரும் தாங்கள்தான் குணப்படுத்தினோம் என்று நினைத்துக்கொண்டோம். சரியாக இரண்டு வாரம். பிறகு பழையபடி ஆயிற்று. நான் மாத்திரையைக் கூட்டினேன். மாத்திரை மயக்கத்தோடு கொல்லைப்பக்கம் போனவர் கழிவுநீர்க் கானுக்குள் விழுந்து நெற்றி பிளந்தது. ஏழு தையல் போட்டேன். அத்தோடு மாத்திரையை ராக்கம்மா நிறுத்திவிட்டாள். எனக்குச் சொல்லவில்லை.

ஸ்டோருக்குப் பொறுப்பான அதிகாரி, ஆள் குடிக்கிறார் என்றார். தொரை என்னிடம் எழுத்தில் கேட்டார். நான் பழனியாண்டியைப் படுக்க வைத்து நெஞ்சு, வயிறு, பிரஷர் எல்லாம் பார்த்தேன். பத்து நிமிட வேலை. இரண்டு வரி எழுதினேன்: உடலில் கோளாறு எதுவும் இல்லை. வேலையில் மனம் இல்லை.

அந்தக் காகிதத்தை வைத்து அவரை நிறுத்தினார்கள்.

மூன்று மாதம் கழித்து ராக்கம்மா வந்தாள். வேலை கேட்டு வரவில்லை. கையில் கடைக் கலண்டர் ஒன்று இருந்தது.

"டொக்டரய்யா, இவரு ஏழு வாரத்துக்கு ஒருக்கா நல்லாயிடுறாருங்க."

"சில வருத்தம் அப்படித்தான் வந்து வந்து போகும்."

"இது அப்படி இல்லீங்க. கணக்கா வருது. சாமிக்கு நேர்ந்ததாலயும் இல்லீங்க, உங்க மாத்திரையாலயும் இல்லீங்க. ரெண்டையும் விட்டு மாசக்கணக்காச்சு. பாருங்க." கலண்டரை விரித்தாள். அவர் இரவில் தூங்கிய நாட்களில் குங்குமப் பொட்டு வைத்திருந்தாள். பொட்டுகள் கும்பல் கும்பலாகக் கிடந்தன, இடையில் வெறும் நாட்கள்.

வரிசையில் நிறையப் பேர் நின்றார்கள். பார்க்கிறேன் என்று வாங்கி மேசை லாச்சியில் வைத்தேன். பார்க்கவில்லை.

மாதம் ஒருமுறை அரசாங்க ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு டொக்டர் வருவார். அந்த வருடம் வந்தவர் டொக்டர் லியனகே. ஐம்பதை நெருங்கிய பெண். நோயாளி உட்காரும்வரை தானும் உட்கார மாட்டார். பென்சிலால்தான் எழுதுவார். ஒருவர் பேசி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் சும்மா இருப்பார், இன்னும் ஏதாவது வருமா என்று. என்னிடம் சிங்களத்தில் பேசினாலும் நோயாளிகளிடம் தனக்குத் தெரிந்த தமிழில்தான் கேட்பார்.

ராக்கம்மா தன் கணவரைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு அந்த வரிசையில் நின்றாள். நான் முந்திக்கொண்டு சிங்களத்தில் விளக்கத் தொடங்கினேன். டொக்டர் கையைச் சற்றே உயர்த்தினார்.

"அம்மா, நீங்க சொல்லு," என்றார்.

ராக்கம்மா சொன்னாள். "கலண்டர் டொக்டரய்யாகிட்ட இருக்குங்க," என்றும் சொன்னாள். நான் லாச்சியைத் திறந்தேன். மடித்து வைத்த மடிப்புக் கலையாமல் இருந்தது. டொக்டர் அந்த மடிப்பைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிறகு பழனியாண்டியிடம் கேட்டார். "ராத்திரி முழிச்சு என்ன செய்றது?"

"ஒன்னும் செய்றதில்லீங்க. உக்காந்திருப்பேன். லயத்துல பத்துக் காம்பரா. எல்லாரும் மூச்சு விடுற சத்தம் கேக்கும். யாரையாவது எழுப்பிப் பேசலாமான்னு இருக்கும். எழுப்பி என்னத்தப் பேசுறது? பகல்ல எல்லாரும் பேசுற நேரத்துல எனக்குத் தலை சாஞ்சிருது. மொகத்துல அசிட் பட்டது பெரிசில்லீங்க. இதுதாங்க."

அவரோடு ஒரு வருடத்துக்கு மேல் பழகியிருந்தேன். இதைக் கேட்டது அன்றைக்குத்தான்.

டொக்டர் எனக்கு ஒரு வேலை கொடுத்தார். தோட்ட அலுவலகத்தில் ஆள்வரவு குறிக்கும் செக்ரோல் எழுதும் கட்டம்போட்ட தாள் ஒன்று வாங்கச் சொன்னார். ஒரு நாளுக்கு ஒரு வரி, ஒரு மணிக்கு ஒரு கட்டம். அவர் தூங்கும் கட்டங்களைப் பென்சிலால் கறுப்பாக்க வேண்டும். அடுத்த நாளை அதற்கு நேர் கீழே. யாரும் அவரை எழுப்பவும் கூடாது, தூங்கு என்று வற்புறுத்தவும் கூடாது. விழித்திருக்கும் நேரங்களில் நான்கு மணி நேரத்துக்கொரு தடவை நாக்கின் கீழ் வெப்பமானி வைத்து எழுத வேண்டும். அதற்கு முந்திய அரை மணி நேரத்தில் டீயோ சுடுதண்ணீரோ கொடுக்கக் கூடாது.

ஐம்பது நாள் செய்தேன். பகலில் நான், மற்ற நேரத்தில் ராக்கம்மா. வெப்பமானியை அவளுக்கு வாசிக்கத் தெரியாது. பாதரசம் எங்கே நிற்கிறது என்பதை ஈர்க்குச்சியில் நகத்தால் குறி வைத்துக் கொண்டுவருவாள், நான் அளந்து எழுதுவேன்.

பத்தாவது நாளே எனக்குத் தெரிய ஆரம்பித்தது. கறுப்புக் கட்டங்கள் நேர்கீழாக இறங்கவில்லை. ஒவ்வொரு வரியிலும் அரைக் கட்டம் வலப்பக்கம் தள்ளிப் போயின. இன்றைக்குப் பத்து மணிக்குத் தூக்கம் என்றால் நாளைக்குப் பத்தரை, மறுநாள் பதினொன்று. ஐம்பது வரி முடிந்தபோது தாளின் ஓரம்வரை போய், மறு ஓரத்தால் உள்ளே வந்து, தொடங்கிய இடத்துக்கே திரும்பியிருந்தது. காய்ச்சல் இல்லாத உடம்பின் சூடும் அதே வழியில் ஏறி இறங்கிக்கொண்டு கூடவே போயிருந்தது. சோம்பேறித்தனம் இவ்வளவு ஒழுங்காக நடக்காது.

டொக்டர் தாளை வெகுநேரம் பார்த்தார். மனிதர், மிருகம், செடி எல்லாவற்றுக்கும் உள்ளே ஒரு கடிகாரம் இருக்கிறது என்றார். தூக்கம், பசி, உடம்பின் சூடு எல்லாம் அதைப் பார்த்துத்தான் நடக்கின்றன. ஆனால் அது சரியாக இருபத்துநான்கு மணிநேரம் ஓடுவதில்லை. நம்மில் பலருக்குக் கொஞ்சம் பிந்தி ஓடும். தினமும் காலை வெளிச்சம் கண் வழியாக மூளைக்குப் போய் அந்தப் பிந்தலைத் திருத்திவிடுகிறது. நமக்குத் தெரியாமலே நடக்கிற வேலை. "கண் பார்ப்பதற்கு மட்டும் இல்லை. இவருக்குத் திருத்த வெளிச்சம் போகிற வழி அடைபட்டுவிட்டது. கடிகாரம் நன்றாகத்தான் ஓடுகிறது. தன் பாட்டில் ஓடுகிறது."

செடிக்கும் இருக்கிறதா என்று கேட்டேன். நம்பாமல்தான் கேட்டேன். சிரிக்காமல், "நிதிகும்பா ஒன்று பிடுங்கி வந்து மருந்து அலுமாரிக்குள் வைத்துப் பாருங்கள்," என்றார். நாம் தொட்டாற்சுருங்கி என்பது.

மண்ணோடு பெயர்த்துப் பால்மா டின்னில் நட்டேன். இரண்டு நாள் ஜன்னலில் வைத்துவிட்டு அலுமாரியைக் காலி செய்து உள்ளே வைத்து, சாவித் துவாரத்தில் பஞ்சு அடைத்தேன். டோர்ச்சின் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாளை மூன்று மடிப்பாகச் சுற்றினேன். கதவை அசைத்தால் இலை கூம்பிவிடும் என்பதால் மூச்சைப் பிடித்துக்கொண்டு திறப்பேன். அந்த இருட்டுக்குள், வெளியே பொழுது சாயும் நேரத்தில் செடி இலைகளை மடித்துக்கொண்டது. விடியும் நேரத்தில் விரித்தது. அடுத்த நாளும். யாரும் அதற்கு விடிந்ததைச் சொல்லவில்லை. அலுமாரிக்கு முன்னால் குந்திக்கொண்டிருந்த எனக்கு, பத்துக் காம்பராக்களின் மூச்சைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்த மனிதரின் நினைவு வந்தது. எழுந்து போய் முகம் கழுவினேன்.

அடுத்த மாதம் டொக்டர் வந்தபோது, பழனியாண்டியின் கடிகாரத்தைத் திருத்தும் மருந்து அப்போது எங்கள் கைக்கு எட்டும் நிலையில் இல்லை என்றார். சாப்பாட்டு நேரம், நடை என்று சிலவற்றைச் செய்துபார்த்தோம், அவருக்குப் பலன் கிடைக்கவில்லை. "கடிகாரத்தை மாற்ற முடியாது. வேலை நேரத்தை மாற்றலாம். பட்டை பொறுக்க இவருக்கு விளக்கு வேண்டாமே," என்றார். தொரைக்குக் கடிதம் எழுதினார். கொடுக்கும்போது, "என் கடிதம் வெளியிலிருந்து வருவது. உங்கள் காகிதம் அவர்கள் பைலில் இருக்கிறது," என்றார்.

நான்கு நாள் அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டிருந்தேன். எனக்கும் உத்தியோகம் இருந்தது. மாவனல்லையில் மூன்று பிள்ளைகள் இருந்தார்கள். ஐந்தாம் நாள், என் பழைய அபிப்பிராயம் பிழை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, இரண்டையும் எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன்.

தொரை இரண்டையும் வாசித்தார். என்னை உட்காரச் சொல்லவில்லை.

"அப்போ முதலில் எழுதினது பொய்யா?"

"பொய் இல்லை சேர். தெரியாமல் எழுதினது."

"தெரியாவிட்டால் ஏன் எழுதினீங்க?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். ஒரு ஆளுக்காக ஸ்டோரை எந்நேரமும் திறந்து வைக்க முடியாது என்றார். சாக்கை லயத்துக்கே அனுப்பலாம், எந்த நேரத்தில் செய்தாலும் நிறையில் தெரிந்துவிடும் என்றேன். சரி என்று சொல்லவில்லை. ஆனால் திங்கட்கிழமை காலை இரண்டு சாக்கு ஒட்டுப்பால் பழனியாண்டியின் வாசலில் இறங்கியது. எனக்குக் கிடைத்தது ஒரு எச்சரிக்கைக் கடிதம். அதை நான் எதிர்க்கவில்லை.

அன்றிலிருந்துதான் அந்தப் பத்தியைப் போட ஆரம்பித்தேன். யார் எதற்கு வந்தாலும் முதலில் எத்தனை மணிக்குத் தூங்கினார், எத்தனை மணிக்கு எழுந்தார் என்று கேட்டுவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

அவர் குணமானார் என்று எழுத முடியாது. வேலை திரும்பக் கிடைத்தது, குடிகாரன் என்ற பேர் போயிற்று. ஆனால் ஒரே காம்பராவில் இருந்துகொண்டு கணவனும் மனைவியும் ஏழு வாரத்தில் இரண்டு வாரம்தான் சேர்ந்து வாழ்ந்தார்கள். மற்ற நாட்களில் அவள் மலைக்குக் கிளம்பும்போது அவர் படுப்பார், அவள் படுக்கும்போது அவர் சாக்கை அவிழ்ப்பார். அந்த இரண்டு வாரத்தை ராக்கம்மா "ஒன்னா இருக்கிற நாளு" என்பாள். கோயில், உறவுக்காரர் வீடு, மகளோடு வெளியூர் போவது எல்லாம் அந்த நாட்களில்தான்.

நான்காவது வருடம் மகளுக்குக் கல்யாணம் பேசினார்கள். மாப்பிள்ளை குருவிட்டப் பக்கம். கோயில் ஐயர் நாள் குறித்துக் கொடுத்தார். ராக்கம்மா அந்தத் தாளோடு நேரே என்னிடம் வந்தாள்.

"இந்த நாள்ல இவரு முழிச்சிருப்பாராங்க?"

ஒரு மாதத்துத் தூக்கத்தை மறுபடி கட்டத்தாளில் குறித்துக் கொண்டுவரச் சொன்னேன். அடிமட்டத்தை வைத்துக் கோட்டை நீட்டிப் பார்த்தேன். முகூர்த்த நேரத்தில் அவர் அடித்துப் போட்டதுபோல் தூங்கிக்கொண்டிருப்பார். சொன்னேன். அவள் பதற்றப்படவில்லை.

"வேற எந்த நாளுங்க நல்லது?"

இருபத்துநான்கு நாள் தள்ளினால் சரியாக வரும் என்றேன். அப்புறம், "கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கலாம்," என்று சேர்த்தேன். எனக்கு உள்ளுக்குள் பயம்.

அவள் ஐயரிடம் போய் அந்த வாரத்தில் ஒரு முகூர்த்தம் கேட்டு வாங்கினாள். மாப்பிள்ளை வீட்டாருக்குப் பிடிக்கவில்லை. குறித்த நாளை ஏன் தள்ளுவது என்று மாப்பிள்ளையின் அப்பா கேட்டாராம். ராக்கம்மா மழுப்பவில்லை. "எங்க வீட்டுக்காரர் அன்னைக்கு முழிச்சிருக்க மாட்டாருங்க," என்றிருக்கிறாள். அவர் முதலில் சிரித்தாராம். அவள் கட்டத்தாளைக் காட்டி விளக்கியிருக்கிறாள். அதன்பிறகு, "அப்ப தள்ளியே வைப்போம்," என்றாராம்.

கல்யாணம் தோட்டத்துக் கோயிலில் நடந்தது. நான் போனேன். என்னை நோய்க்காக அல்லாமல் அழைத்த ஒரே வீடு அது. ஆட்களுக்கு நடுவில் போட்டிருந்த நாற்காலியில் பழனியாண்டி உட்கார்ந்திருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி. தாலி கட்டி முடிந்திருந்தது. யார் வந்து கையைப் பிடித்தாலும் பேரைச் சரியாகச் சொன்னார். சத்தமாகப் பேசினார். அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என்னையும் குரலில் அடையாளம் கண்டுகொண்டார்.

"டொக்டரய்யா, இப்ப மணி என்னங்க?"

கடிகாரத்தைப் பார்த்தேன். "பதினொன்னு."

மேளச் சத்தத்தின் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"எனக்கும் பதினொன்னுதாங்க," என்றார்.